பூட்டு அப்படியே இருக்கட்டும்: ஓர் அணைப் பொறியாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அணை உட்கோட்டப் பொறியாளர் ஐயா அவர்களுக்கும், கரையில் இரவும் பகலும் காவல் பார்க்கும் லஸ்கர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

உங்கள் நீர்த்தேக்கத்துக்கு நடுவில் ஒரு மண்திட்டில் கோடையில் முட்டையிடும் அரிய பறவை ஒன்றுக்காக, பறவை பார்க்கிற எங்கள் சிலர் சார்பில் இதை எழுதுகிறேன். அணையின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருக்கிறேன். நாலு வரி படித்தாலே உங்கள் அணைதான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுக்கு முன்னால் கார்கள் வரிசை கட்டி நிற்கும். பாதிப் பேர் உங்களோடு மல்லுக்கட்டுவார்கள், மீதிப் பேர் மீன்பிடிக்கிறவரிடம் காசு கொடுத்துப் பரிசலில் ஏறிவிடுவார்கள். கொங்கு நாட்டில் ஓர் அணை, அவ்வளவு போதும்.

அப்புறம் எதற்குத் திறந்த மடல் என்று கேட்கலாம். முறைப்படி மனு கொடுத்துப் பார்த்தாயிற்று. ஓர் அலுவலகத்தில் வாங்கி முத்திரை குத்தினார்கள், வேறோர் அலுவலகத்தில் கேட்கச் சொன்னார்கள். அங்கே போனால் ‘தண்ணி நிக்கிற எடம் எங்க எல்லையில வராதுங்க’ என்று பதில் வந்தது. யார் மேலும் வருத்தமில்லை. நீர்த்தேக்கத்துக்கு நடுவில் இருக்கும் ஒரு மண்திட்டு யாருடைய பொறுப்பு என்ற கேள்வியை இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். இதே மாதிரித் திட்டுகள் வேறு அணைகளிலும் உண்டு. அங்கே வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவர் இதைப் படித்தாலும் லாபம்தான்.

கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை ஐயா. பூட்டு அப்படியே இருக்கட்டும். அந்தப் பூட்டு இருப்பதால்தான் பறவை அங்கே இருக்கிறது. கேட்பது இரண்டே காரியம். பங்குனி முதல் வைகாசி முடிய அந்தத் திட்டின் மேல் டிராக்டரோ டிப்பரோ ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டல் எடுக்க எப்படியும் அனுமதி தரத்தான் போகிறீர்கள், எந்த இடத்தில் எடுப்பது என்பதில் ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும். கணக்கெடுக்கிற மூன்று நான்கு பேரைக் கரையில் ஓரிடத்தில் நிற்க விடுவது இதற்கெல்லாம் பிறகுதான் வரும்.

எந்தப் பறவை என்று லஸ்கர் அண்ணன்களுக்குத் தெரியும். ஆற்று ஆலா. உடம்பு சாம்பலும் வெள்ளையும், தலையில் கறுப்புத் தொப்பி, மஞ்சள் அலகு, சிவந்த கால், இரண்டாகப் பிளந்து நீண்ட வால். கோடையில் தண்ணீருக்கு மேல் நிதானமாக ரோந்து போய்க்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று தலைகீழாக விழுந்து மீனோடு எழும்புகிறதே, அதுதான். இதில் என்ன அதிசயம், தினமும் பார்க்கிறோமே என்று தோன்றலாம். உங்கள் கரையில் தினமும் பார்க்க முடிகிறது என்பதுதான் அதிசயம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இது இப்போது அழிவாய்ப்புள்ள இனம். தென்கிழக்கு ஆசியாவில் ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டுவிட்டது. கம்போடியாவில் மீகாங் ஆற்றின் மணல்திட்டுகளில் மிகச் சில ஜோடிகளே எஞ்சியிருக்கின்றன. அவற்றின் முட்டைக்குக் காவலாக ஊர்க்காரர்களையே சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பெயரிலேயே ஆறு இருக்கிற பறவை ஏன் அணையில் வந்து முட்டையிட வேண்டும்? ஆற்றில் அதற்கு இடமில்லாமல் போனதுதான் காரணம். மரத்திலோ புதரிலோ கூடு கட்டுகிற பழக்கம் இதற்குக் கிடையாது. நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த வெட்டவெளி மணல்திட்டுதான் வேண்டும். கோடையில் ஆறு வற்றி ஓடும்போது நடுவில் தெரியுமே, அந்தத் திட்டு. காவிரியிலும் பவானியிலும் அமராவதியிலும் நாம் அள்ளிய மணலுக்குப் பிறகு அப்படிப்பட்ட திட்டு எங்கே மிச்சமிருக்கிறது? மிச்சமிருக்கிற இடத்திலும் ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் நாய், ஞாயிற்றுக்கிழமையானால் பீர் பாட்டில். இந்தப் பறவைக்கு இன்று ஆறு என்பது நீங்கள் ஷட்டர் ஏற்றி இறக்கி நடத்துகிற நீர்த்தேக்கம்தான். அதன் பஞ்சாங்கம், நீர்மட்டம் எத்தனை அடி என்று உங்கள் அலுவலகத்தில் எழுதி வைக்கிற அடிக்கணக்குப் பதிவேட்டில் இருக்கிறது.

நாங்கள் பார்ப்பது எங்கிருந்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். அணையின் பின்பக்கம் ஊராட்சிச் சாலை நீர்ப்பரப்பை ஒட்டி வளைகிற இடத்தில் ஒரு சிறுபாலம் இருக்கிறது. அது பொதுவழி. அதன் கைப்பிடிச் சுவரோரம் முக்காலி போட்டு ஸ்பாட்டிங் ஸ்கோப் என்ற தொலைநோக்கியை வைத்துக்கொள்வோம். அங்கிருந்து திட்டு முக்கால் கிலோமீட்டருக்குக் குறையாது. காலை ஏழு எட்டு மணி வரை தெளிவாகத் தெரியும். ஒன்பதானால் கானல் எழும்பி, பறவை எது கல் எது என்றே சொல்ல முடியாது.

அந்தத் தெளிவான நேரத்தில் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். கூடு என்று அங்கே ஒன்றும் இல்லை. சரளை மண்ணில் மார்பை வைத்து அழுத்தித் திருகிய ஒரு குழி, அதில் இரண்டோ மூன்றோ முட்டை. மண்ணின் நிறம்தான் முட்டைக்கும், மேலே பழுப்புத் தெறிப்பு. பக்கத்தில் நின்றாலும் மிதித்த பிறகுதான் தெரியும். சித்திரை வெயிலில் அந்த மண்ணில் வெறுங்காலை வைக்க முடியாது. பறவை அடைகாக்கிறது என்று சொல்கிறோம், அங்கே நடப்பது முட்டையைச் சூடேற்றும் வேலையே அல்ல. சூடு ஏறாமல் குடை பிடிக்கிற வேலை. அரை இறக்கையை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு முட்டைக்கு மேல் நிழலாக நிற்கிறது. பொறுக்க முடியாமல் போனால் எழும்பித் தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து, வயிற்றைத் தோய்த்து, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து அந்த ஈர வயிற்றோடு முட்டை மேல் உட்கார்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே வேலை. பொழுது சாயும் வரை இப்படியேதான் போக வேண்டும். இடையில் ஒரு செம்பருந்து வட்டமிட்டால் திட்டு மொத்தமும் கூச்சலோடு கிளம்பி அதை விரட்டும். அந்த இரண்டு மூன்று நிமிடம் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன.

ஒரு பருந்துக்கே இப்படி என்றால், ஓர் ஆள் திட்டில் இறங்கி அரைமணி நேரம் போட்டோ எடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மேலே பறந்து கத்திக்கொண்டிருக்கும் பறவையைப் பார்த்து ‘ஆக்‌ஷன் ஷாட்’ என்று அந்த ஆள் மகிழ்ந்துகொண்டிருப்பார். கீழே முட்டை வெந்துகொண்டிருக்கும். அவர் கிளம்பியதும் காகம் இறங்கும்.

அதனால்தான் பூட்டு இருக்கட்டும் என்கிறேன். எங்கள் கூட்டத்தைப் பற்றி வெளியில் பேசுவது எங்களுக்குள் பலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பறவை பார்க்கிறவர்கள் எல்லாரும் சாதுக்கள் அல்லர். லட்சக்கணக்கில் செலவழித்து லென்ஸ் வாங்கியவருக்கு அந்த லென்ஸுக்கு வேலை கொடுத்தாக வேண்டும். அரிய பறவை ஒன்று ஓரிடத்தில் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போனால் மறுநாள் விடியுமுன் அங்கே ஆள் நிற்கிறது. கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற செடியை ஒடித்து ‘ஃபிரேம்’ சுத்தம் செய்கிறவர்கள் உண்டு. ட்ரோன் விடுகிறவர்கள் உண்டு. நீர்த்தேக்கத்தின் மேல் ட்ரோன் விட்டால் காவல்துறை வரும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, வருவதற்குள் எடுத்துவிடலாம் என்ற கணக்கு. உங்கள் ஆட்கள் கேட்டில் நின்று திருப்பி அனுப்பியவர்களில் இப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். அந்த வகையில் இந்தப் பறவைகளை இத்தனை வருடம் காப்பாற்றியது எங்கள் சங்கமோ பயிலரங்கமோ இல்லை, லஸ்கர் அண்ணன்கள்தான்.

அவர்களில் ஒருவரோடு கேட்டுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருப்பவர். ‘ஏனுங்க, இத்தனூண்டு குருவியப் பாக்கவா இத்தன தூரம் வந்தீங்க?’ என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் பேசியதும், எங்கள் குறிப்பேட்டில் இல்லாததை எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். பங்குனி பிறந்தால் வந்து சேருமாம், ஆடிக்குள் குஞ்சோடு காணாமல் போய்விடுமாம். அந்தத் திட்டு அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த ஊரின் களத்துமேடு என்று அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார். மற்ற மேடெல்லாம் வண்டல் மூடிச் சேறாகிவிட, களத்துமேட்டில் மட்டும் சரளை நிற்கிறது, அதனால்தான் பறவை அதைத் தேடி வருகிறது என்பது அவருடைய கணிப்பு. பறவை நூல் எதிலும் இந்த விளக்கத்தை நான் படித்ததில்லை, ஆனால் சரியாகத்தான் படுகிறது. உள்ளே விடச் சொல்லிக் கேட்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். ‘உள்ள மட்டும் உடச் சொல்லாதீங்க சாமி, வேல போயிருமுங்க.’ கேட்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் இந்த மடலுக்குக் காரணம். தண்ணீர் எவ்வளவு வடிகிறது என்பதைப் பொறுத்துத்தான் குஞ்சு தப்புமாம். நீர்மட்டம் ஓரளவுக்கு இறங்கினால் திட்டு வெளியே வரும், சுற்றிலும் தண்ணீர் இருக்கும், பறவை வந்து இறங்கும். அதற்கும் கீழே போனால் திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கிற தாழ்வான கழுத்துப் பகுதி காய்ந்து தரைவழி ஆகிவிடும். அன்றோடு தீவு இல்லை. ராத்திரி நாய் வரும், நரி வரும், பகலில் மாடு மேய வரும். சில வருடம் நீர்மட்டம் நின்று நிதானமாக இறங்கும், கழுத்து காய்வதற்குள் குஞ்சு பறந்துவிடும். சில வருடம் மளமளவென்று இறங்கிவிடும்.

இது உங்கள் அணைக்கு மட்டும் உரிய கதை அல்ல. வடக்கே சம்பல் ஆற்றில் இதே ஆற்று ஆலாவும், இந்திய ஸ்கிம்மர் என்ற பறவையும் திட்டுகளில் அடைகாக்கின்றன. அங்கேயும் ஆற்றில் தண்ணீர் குறைந்து தீவு கரையோடு சேர்ந்ததும் நாயும் நரியும் கால்நடையும் நடந்தே போய்விடுவதுதான் பெரிய தலைவலி. இன்னொரு பக்கம், மேலே இருக்கும் அணையிலிருந்து திடீரென்று தண்ணீர் வந்தால் முட்டை முழுகும்.

முட்டையிலிருந்து குஞ்சு வர மூன்று வாரம் போல ஆகும். குஞ்சு இறக்கை முளைத்துப் பறக்க மேலும் நான்கைந்து வாரம். ஆக ஒரு ஜோடிக்கு இரண்டு மாத காலம் அந்தத் திட்டு தீவாக இருந்தால் போதும்.

பறவைக்காகத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. கீழே ஆயக்கட்டு இருக்கிறது, கடைமடையில் காத்துக்கொண்டிருக்கிறார்கள், நகராட்சிகளுக்குக் குடிநீர் போகிறது. எத்தனை கன அடி எப்போது திறப்பது என்பது அரசாணைப்படி நடக்கிற காரியம். ஆனால் தண்ணீரைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அது வண்டல்.

வண்டல் எடுப்பதை எதிர்த்து நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. எங்கள் தோட்டத்துக்கும் ஏரி வண்டல் அடித்திருக்கிறோம், அந்த வருடம் மஞ்சள் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். ஏரி, குளம், அணைகளில் வண்டலும் களிமண்ணும் விவசாயிகளும் மண்பாண்டம் செய்கிறவர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்தது நல்ல காரியம். முன்பு கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டியிருந்தது, 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. அணையின் கொள்ளளவும் கூடுகிறது. எல்லாம் சரி.

சிக்கல், அது நடக்கிற மாதத்தில்தான். தண்ணீர் வற்றுகிற காலத்தில்தான் மண் எடுக்க முடியும், அதே காலத்தில்தான் பறவை முட்டையிடுகிறது. போன கோடையில் சிறுபாலத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கழுத்துப் பகுதி காய்ந்து வெடித்திருந்தது. கரையிலிருந்து டிராக்டர்கள் இறங்கின, அவற்றுக்குப் பின்னால் டிப்பர்களும். வண்டல் கிடந்தது தாழ்விடத்தில், ஆனால் சேற்றில் சக்கரம் புதையாமல் திருப்புவதற்குச் சரளை மேடுதான் வசதி. ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கின. ஓட்டுநர் மேல் தப்பில்லை, அவருக்கு அது வெறும் மேடு. பறவைகள் மேலே எழும்பிக் கத்துவது எங்களுக்குத் தெரிந்தது, சத்தம் கேட்கிற தூரமில்லை. அடுத்த வாரம் போனபோது அந்தச் சரிவில் அடைகாத்தவை எதுவும் இல்லை. அவற்றை விரட்டியது சக்கரமா, ராத்திரி வந்த நாயா என்று முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிற்பவனால் எப்படிச் சொல்ல முடியும்?

கேமராவோடு வந்த எங்களுக்குக் கேட் பூட்டியிருக்கிறது, மண்ணோடு போகிற லாரிக்குத் திறந்திருக்கிறது என்று இதைச் சண்டையாக எழுதுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. லாரிக்கு அனுமதிச்சீட்டு இருக்கிறது, கணக்கு இருக்கிறது, பயன் இருக்கிறது. ஆகவே லாரியை வைத்தே பறவைக்கும் ஒரு வழி பண்ணலாமா என்று பார்ப்பதுதான் புத்தி.

யோசனை இதுதான் ஐயா. அந்தக் கழுத்துப் பகுதியில்தான் வண்டல் கனமாகப் படிந்திருக்கிறது. தண்ணீர் ஓட்டம் இல்லாத மூலை, படியத்தான் செய்யும். குஞ்சுகள் பறந்த பிறகு, தென்மேற்குப் பருவமழைத் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்னால், ஆனி மாதத்தில் சில நாள் கிடைக்கும். அந்த நாட்களில் விவசாயிகளுக்கு ஒதுக்குகிற இடத்தைக் கழுத்துப் பகுதியாக வைத்துவிடுங்கள். எல்லை காட்டுகிற கொடியை அங்கே நடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. திட்டுக்கும் கரைக்கும் குறுக்கே ஓர் அகழி மாதிரி மண் வெளியே போய்விட்டால், அடுத்த கோடையில் நீர்மட்டம் இன்னும் சில அடி இறங்கினாலும் அங்கே தண்ணீர் நிற்கும். நாய் நீந்தாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மாடும் டிராக்டரும் போகாது, நாயும் யோசிக்கும். தனியாகச் செலவு எதுவும் இல்லை. எடுக்கிற மண் தோட்டத்துக்குப் போகிறது. இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி வண்டல் சேரும், மறுபடி எடுக்கலாம். எத்தனை அடி ஆழம், எவ்வளவு அகலம், கரையின் அடிவாரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தால் அணைக்குப் பாதுகாப்பு என்பதெல்லாம் நீங்கள் படித்த படிப்பு. அதில் நான் வாய் திறக்க மாட்டேன். கரைக்குக் கெடுதல் என்று நீங்கள் சொன்னால் இந்த யோசனையை அன்றைக்கே குப்பையில் போட்டுவிடலாம்.

அது ஆகும் வரை, பங்குனி முதல் வைகாசி முடியத் திட்டைச் சுற்றி நாலு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டினால் போதும். ஓட்டுநர்கள் புரிந்துகொள்வார்கள். பலகை வேண்டாம். ‘அரிய பறவை கூடு கட்டும் இடம்’ என்று எழுதி வைத்தால் அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற எண்ணம் இல்லை. ஆனால் கோப்பு எழுதும்போது ஒரு பிடிமானம் வேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் (பாதுகாப்பு)ச் சட்டத்தில் ‘வேட்டை’ என்பதற்குத் தரப்பட்டிருக்கும் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்பதில்லை.

பாசனத்துக்கான நீர்நிலையில் பறவைக்கு இடம் கொடுப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. வேடந்தாங்கல் இன்றைக்குச் சரணாலயம், ஆனால் அடிப்படையில் அது ஒரு பாசன ஏரி. அங்கே பறவையைச் சுடக் கூடாது என்று செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்கள் உத்தரவு வாங்கியது 1798-இல். பறவை எச்சம் கலந்த தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. கர்நாடகத்தில் பத்ரா அணைக்குள் கோடையில் வெளியே தெரிகிற தீவுகளில் இதே ஆற்று ஆலா பெருங்கூட்டமாக முட்டையிடுகிறது. அங்கே அரசின் விடுதிக்கே இந்தப் பறவையின் பெயரை வைத்துப் படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அந்த அளவுக்கு நமக்கு வேண்டாம் என்பது என் கட்சி. விடுதி வந்தால் சாலை வரும், சாலை வந்தால் பஜ்ஜிக் கடை வரும், பஜ்ஜிக் கடை வந்தால் நாய் வரும்.

நம் பத்திரிகைகளையும் கொஞ்சம் குறை சொல்லலாம். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவது வருடம் தவறாமல் படத்தோடு வருகிறது. நீர் இறங்கும்போது வெளியே வருகிற மண்ணில் உயிரோடு என்ன இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஒரு வகையில் அதுவும் நல்லதற்குத்தான்.

இனி எங்கள் பக்கம். அணைக்கரை ஏன் தடைசெய்யப்பட்ட இடம் என்பது புரிகிறது. குடிநீர், பாதுகாப்பு, வருடா வருடம் செல்ஃபி எடுக்கப் போய்த் தவறி விழுகிற பையன்கள். பவானிசாகரில் ஆடிப்பெருக்கு அன்று மட்டும் பொதுமக்களை அணை மேல் விடுகிற வழக்கம் பல காலம் இருந்தது. விடுவதென்றால் நாள், நேரம், இடம் எல்லாம் வரையறுத்துத்தான் விட முடியும் என்பதற்கு அதுவே உதாரணம். நாங்கள் கேட்பதும் அந்த மாதிரித்தான். கரையின் தெற்கு மூலையில், மதகிலிருந்து தள்ளி, பழைய அளவுகோல் கல் இருக்கிற இடத்தில் பங்குனி முதல் வைகாசி வரை வாரம் ஒரு காலை, ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை. அங்கிருந்து திட்டு பாதித் தூரம்தான். மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வருவோம். ஸ்கோப்பும் பைனாகுலரும் குறிப்பேடும் மட்டும். கேமராவைக் கேட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னால் வைத்துவிட்டு வருவோம். எங்களில் சிலர் இந்த வரியைப் படித்துவிட்டு என்னோடு பேசாமல் போகக்கூடும், பரவாயில்லை. திட்டில் யாரும் கால் வைக்க மாட்டோம், பரிசலில் போக மாட்டோம், நீங்களே கூட்டிப்போகிறேன் என்று சொன்னாலும் மாட்டோம்.

என்ன எழுதுவோம்? எத்தனை ஜோடி இறங்கியது, முதல் குஞ்சு எந்த வாரம் தெரிந்தது, திட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை குஞ்சு பறந்தது. 2015 முதல் வருடம்தோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுத்து, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுகிறார்கள், நாங்களும் அதில் இருக்கிறோம். ஆனால் பொங்கலுக்கு அணை நிறைந்து நிற்கும், திட்டு தண்ணீருக்குள் இருக்கும். இந்தப் பறவைக்கு முக்கியமான மாதங்களில் கணக்கு எடுக்க ஆளே இல்லை. ஆலா கத்திரி வெயிலில் குடும்பம் நடத்துகிற பறவை. நம் ஆட்களுக்கு மார்கழிக் குளிர்தான் வசதி.

எங்கள் பறவைக் கணக்கு மட்டும் இருந்தால் பாதிக் கதைதான் தெரியும். மறுபாதி உங்களிடம் இருக்கிறது. தினமும் காலையில் எடுக்கிற அடிக்கணக்கு. எத்தனை அடியில் திட்டு தலை காட்டுகிறது, எத்தனை அடியில் கழுத்து காய்கிறது என்ற இரண்டு எண் கிடைத்தால் போதும், ஒவ்வொரு வருடமும் எத்தனை நாள் அது தீவாக இருந்தது என்று பழைய பதிவேட்டை வைத்தே சொல்லிவிடலாம். குஞ்சு பறந்த வருடம் எது, பறக்காத வருடம் எது என்பதோடு அதைப் பொருத்திப் பார்க்கலாம். கணக்கு முடிந்ததும் முதல் நகல் உங்கள் மேசைக்கு வரும், வனத்துறைக்கு ஒன்று. அணையின் பெயரோடு வெளியில் போடுவது உங்கள் ஒப்புதல் இல்லாமல் நடக்காது.

ஓய்வு பெறப் போகிற அந்த லஸ்கர் அண்ணனை, அவருக்கு விருப்பம் இருந்தால், எங்களோடு உட்கார வைக்க அனுமதி கொடுங்கள். இத்தனை வருடமாக எந்தெந்த வருடம் பறவை அதிகம், எந்த வருடம் அடியோடு இல்லை என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் போன பிறகு அதைக் கேட்டு எழுத வேறு ஆள் இல்லை.

மாசி பிறப்பதற்குள் நேரில் வந்து பார்க்க விரும்புகிறோம், நீங்கள் சொல்கிற நாளில். வருகிற நான்கு பேரின் பெயர், முகவரி, ஆதார் நகல் மனுவோடு ஏற்கெனவே கொடுத்தவைதான், காணாமல் போயிருந்தால் மறுபடி தருகிறோம். காவல்துறை விசாரித்துச் சான்று வாங்கி வரச் சொன்னாலும் சரி. அனுமதி கொடுப்பதாக இருந்தால் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் ஓர் உத்தரவாகப் போட்டு, ஒரு நகலைக் கேட்டில் ஒட்டச் சொல்லுங்கள். நாளைக்கு மேலதிகாரி வந்து யாரைக் கேட்டு உள்ளே விட்டாய் என்று அதட்டினால் லஸ்கர் அண்ணன்கள் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும். எங்களை விடுவதில்லை என்று முடிவெடுத்தாலும், சிவப்புத் துணிக்கும் வண்டல் எடுக்கிற இடத்துக்கும் மட்டுமாவது உத்தரவு போட்டுவிடுங்கள். நாங்கள் சிறுபாலத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின்பக்கச் சாலையில் ஸ்கோப் வைத்து நிற்கிறவர்கள் சார்பில் ஒருவன்